கீஸருக்கும் ஆயுத பூஜை!

ஆயுத பூஜைக்கு வீட்டில் எதையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறோம்! தையல் மிஷின், கிரைண்டர், மிக்ஸி, அரிவாள்மணை, ஸ்கூட்டர், பிள்ளைகளின் சைக்கிள்... குளியலறையில் தலைக்கு மேலே ஒருவர் தொங்கிக் கொண்டிருப்பார். அவருக்கும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதோடு சரி. அவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கீஸரைத்தான் சொல்கிறேன்.

விஜயதசமி கழிந்து மூன்று வாரத்துக்குள் தீபாவளி வந்துவிடும். சென்னை போன்ற ஊர்களில் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை கீஸரைத் தொடுகிறவர்கள் குறைவு. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராகத்தானே வருகிறது! ஆக, பல வீடுகளில் கீஸருக்கு மறுபடி உயிர் வருவது தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குத்தான். ஆறு மாதம் சும்மா கிடந்த மின்சாரச் சாதனத்தை, நாலு மணி இருட்டில், தூக்கக் கலக்கத்தோடும் எண்ணெய்க் கையோடும் போடுகிறோம். அந்த நேரத்தில் ஏதாவது கோளாறு என்றால் எந்த மெக்கானிக் வருவார்? அதனால் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வாரத்தை கீஸருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். மற்றவற்றுக்குப் பொட்டு, இவருக்கு வயிற்றைக் கழுவிவிட்டுப் பொட்டு.

என் மாமியார் வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் குழாய், அதில் கரியும் கொட்டாங்கச்சியும் கனன்று கொண்டிருக்கும். மேலே உள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால், பக்கவாட்டு மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். வாரத்துக்கு ஒரு நாள் புளி போட்டுத் தேய்க்காமல் விடமாட்டார். "வயித்துல உப்பு கட்டிடுச்சுன்னா கரிதாண்டி எரியும், தண்ணி காயாது" என்பார். அவர் சொன்னது அந்த பாய்லருக்கு முழுக்க முழுக்க உண்மை. உப்புப் படலம் தடுத்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகையோடு மேலே போய்விடும்.

கீஸரில் கதை கொஞ்சம் வேறு. உப்புக் கட்டினால் கரண்ட் பில் தாறுமாறாக எகிறும் என்று பலரும் சொல்வார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. சூடு தரும் காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கி இருக்கிறது. அதன் சூடு சுற்றி வளைத்தாவது தண்ணீருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். புகைபோக்கி ஏதும் இல்லையே! கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது.

அதைக் கண்ணால் பார்த்தது என் நாத்தனார் வீட்டில். சென்னையின் தென்கோடியில், போர் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதி. ஏழு வருஷமாகத் திறக்காத கீஸரை மெக்கானிக் பையன் கழற்றினான். கீழ் மூடியைத் திறந்ததும் வெள்ளையாக, சுண்ணாம்புச் சில்லும் சேறுமாக, அரை வாளி கொட்டியது. காயிலை உருவினான். விரல் கனம் இருக்க வேண்டிய குழாய், மஞ்சள் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக வந்தது. நாத்தனார் வாயடைத்துப் போய்விட்டார். "இந்தத் தண்ணியிலயா இத்தனை நாள் குளிச்சோம்!" என்று அவருக்கு அருவருப்பு. உண்மையில் அது அழுக்கு இல்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டதும் கரையாத சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை பூத்திருக்குமே, அதே சரக்குதான். தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாகப் படியும்; 60 டிகிரிக்கு மேல் போனால் கேட்கவே வேண்டாம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் குழாயில் கீஸர் இருந்தால் அதன் ஆயுள் ஒரு மாதிரி. அதே தெருவில் போர் தண்ணீரில் இருந்தால் வேறு மாதிரி. பக்கத்து வீட்டு கீஸர் பத்து வருஷம் ஓடுகிறதே என்று நம் வீட்டு கீஸரை விட்டுவைக்கக் கூடாது. சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் வருஷம் ஒரு முறை திறந்தே ஆக வேண்டும்.

சரி, சுண்ணாம்பு படிந்தால் என்னதான் கெடுதல்? காயில் என்பது ஓர் உலோகக் குழாய். அதற்குள் சுருள் கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத வெள்ளைப் பொடி கெட்டியாக அடைத்திருக்கும். குழாயைத் தண்ணீர் தொட்டுக் கொண்டே இருந்தால்தான் அதன் சூடு அளவோடு நிற்கும். மேலே சுண்ணாம்புச் சட்டை ஏறிவிட்டால் சூடு உள்ளேயே தேங்கி, குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து, ஒரு நாள் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மின்சாரம் வெளியே வரும். எந்தத் தண்ணீருக்கு? நம் குழந்தையின் தலையில் ஊற்றும் தண்ணீருக்கு.

'சுர்'ரென்று அடித்தால்...

எங்கள் அடுக்ககத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அக்கா, பாத்ரூம் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "முதல்ல கீஸர் மெயினை அணைச்சுட்டு வாடியம்மா, அப்புறம் பேசலாம்" என்று அவளை விரட்டினேன். செருப்புப் போட்டால் தெரியவில்லை என்றால், மின்சாரம் போகவில்லை என்று அர்த்தமில்லை. அவள் உடம்பு வழியாகத் தரைக்குப் போக வழி இல்லை என்று அர்த்தம். வெறுங்காலோடு ஈரத் தரையில் உட்கார்ந்து குளிக்கும் குழந்தைக்கு அந்தச் செருப்பு ஏது?

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். காயிலில் கசிவு. அதைவிட மோசம், மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னில் எர்த் ஒயரே மாட்டவில்லை. எர்த் சரியாக இருந்தால், கசியும் மின்சாரம் நம்மை விட்டுவிட்டு அந்த ஒயர் வழியாக பூமிக்குப் போய்விடும். பச்சை நிற ஒயர்தான் பாதி உயிர் என்று நான் சொல்வது வழக்கம்.

மீதிப் பாதி, மெயின் பெட்டியில் இருக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். எம்.சி.பி. இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக் கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் 'டி' என்று போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, வாடகை கொடுக்கிற தேதியிலோ பால் கணக்கு முடிக்கிற நாளிலோ, அதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் நல்லது. தூக்கிவிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் இது இருக்கவே இருக்காது. வாடகை வீடானாலும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இது. கீஸர் போட்டால் மட்டும் இது விழுகிறது என்றால், 'தொந்தரவு பிடித்த மிஷின்' என்று திட்டி அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். காயில் கசிகிறது என்று அது கூவிச் சொல்கிறது.

ப்ளக்கையும் ஒரு பார்வை பாருங்கள். 2000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13. இஸ்திரிப் பெட்டிக்கும் டேபிள் ஃபேனுக்கும் போடும் சின்ன ப்ளக் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் ப்ளக்கை உருவிப் பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ உள்ளே பிடிப்பு லூஸ்.

காதும் கடிகாரமும் போதும்

கீஸரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்து கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஸ்விட்சைப் போட்டு, விளக்கு அணையும் வரை எத்தனை நிமிஷம் என்று பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். 2000 வாட், 15 லிட்டர் என்றால், 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வரச் சுமார் 18 நிமிஷம். 25 லிட்டருக்கு அரை மணி. அதற்கு ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். உங்கள் வீட்டுக் கணக்கு மாதா மாதம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நேரம் திடீரென்று கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு. சீக்கிரமே விளக்கு அணைந்து தண்ணீரும் வெதுவெதுப்பாக வந்தால், தெர்மோஸ்டாட் மேலேயே சுண்ணாம்பு ஏறி அது ஏமாந்து போகிறது என்று வைத்துக் கொள்ளலாம். விளக்கு அணையவே இல்லை, குழாயில் தண்ணீரோடு ஆவியும் சீறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. மெயினை அணையுங்கள். ஆறும் வரை யாரும் அந்தக் குழாய்ப் பக்கம் போக வேண்டாம்.

உள்ளே பொரிகடலை வறுக்கிற மாதிரி சடசடவென்று சத்தம், வாளியில் வெள்ளைச் சில்லு, முன்பு இரண்டு பேர் குளித்த வெந்நீர் இப்போது ஒருவருக்கே போதவில்லை... இவையெல்லாம் சுண்ணாம்பு தரும் தந்திகள்.

மாதக்கணக்கில் சும்மா இருந்த கீஸரை முதல் முறை போடுவதற்கு முன்னால், வெந்நீர்க் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை இரண்டு, மூன்று வாளி வெளியே விட்டுவிடுங்கள். கழுவ உபயோகியுங்கள், வீணாக்க வேண்டாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு: தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று உறுதியாகிவிடும். மேல்நிலைத் தொட்டி காலியான நாளிலும், குழாய் வேலை நடந்த பிறகும், கீஸர் வெறும் வயிற்றோடு இருக்கலாம். அப்போது ஸ்விட்சைப் போட்டால் காயில் சில நிமிஷத்தில் கருகிவிடும். வெந்நீர்க் குழாயில் புஸ் புஸ்ஸென்று காற்று இல்லாமல் தண்ணீர் ஒழுங்காக வந்த பின்புதான் ஸ்விட்ச். இதை வீட்டில் உள்ள ஆண்களுக்கும் சொல்லி வையுங்கள். அவர்கள்தான் அவசரக்காரர்கள்!

மெக்கானிக் வரும் நாள்

திறந்து சுத்தம் செய்வது நம் வேலை இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது நம் வேலை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்று உள்ளே போய்விட்டால், வெளியே தட்டித் துடைத்துவிட்டு "முடிஞ்சுதும்மா" என்பவர்களும் உண்டு. முந்தின நாள் இரவிலிருந்தே கீஸரைப் போடாதீர்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். அவர் வந்ததும் முதலில் எம்.சி.பி.யை இறக்கி, ப்ளக்கையும் உருவினாரா என்று பாருங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு ஒயரில் கை வைக்கிறவர் வேண்டாம்.

காயிலோடு சேர்ந்து ஒரு கோல் வெளியே வரும். அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. எனாமல் பூசிய இரும்புத் தொட்டிகளில் இருக்கும் மக்னீஷியம் கோல் அது. தொட்டியைத் தின்ன வேண்டிய துரு, இரும்பை விட்டுவிட்டு இந்தக் கோலைத் தின்னும். குழந்தைக்குப் பட வேண்டிய திருஷ்டி பூசணிக்காய்க்குப் போகிற மாதிரி! கோல் கரைந்து நடுக்கம்பி தெரிகிறது என்றால் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து துரு போகிற இடம் தொட்டிதான். தொட்டியில் ஓட்டை விழுந்தால் பற்றவைப்பு, பசை எதுவும் நிற்காது. ஒரு கோலை மாற்றச் சோம்பல்பட்டுப் புது கீஸர் வாங்கின வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும்.

நாத்தனார் வீட்டுக்கு வந்த பையன் கேட்டான்: "ஆசிட் ஊத்திட்டா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்மா, ஊத்தட்டுமா?"

"வேண்டாம் தம்பி. எலுமிச்சை உப்பு வச்சிருக்கேன், அதுல ஊறப் போடு" என்றேன்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் சுண்ணாம்பை மட்டும் கரைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நிற்காது. காயில் குழாயையும் அரிக்கும். மூடின குளியலறையில் அந்தப் புகை நெஞ்சுக்கும் ஆகாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, காயிலை ஊறவைத்தால் சுண்ணாம்பு நுரைத்துக் கழன்று வரும். ஒயர் மாட்டும் தலைப் பகுதி மட்டும் நனையக் கூடாது. அவசரத்துக்குக் கத்தியால் சுரண்டவோ சுத்தியலால் தட்டவோ விடாதீர்கள். ரொம்பவும் முண்டு கட்டிப் போயிருந்தால் புதுக் காயில் போடுவதே மேல். மூடும்போது ரப்பர் காஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் பத்து நாளில் சொட்டும். அதுவும் ஒயர் இருக்கும் இடத்தில்.

இன்னொன்று, கீஸருக்குத் தண்ணீர் உள்ளே வரும் குழாயில் இருக்கும் சேஃப்டி வால்வு. 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது 300 மில்லிக்கு மேல் பெருத்துவிடும். அந்தக் கூடுதல் தண்ணீர் எங்காவது போக வேண்டாமா? அதனால்தான் சூடாகும் நேரத்தில் வால்விலிருந்து சில சொட்டு விழுகிறது. அது கோளாறு இல்லை. "எப்பப் பார்த்தாலும் சொட்டுது" என்று அந்தத் துளையில் குச்சியைச் செருகினவர்களையும், பசை வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குக்கரின் ஸேஃப்டி வால்வை அடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவோமா? தெர்மோஸ்டாட் கெட்டுப் போகிற நாளில் அழுத்தத்தை வெளியேற்றித் தொட்டி வெடிக்காமல் காப்பது அந்தச் சின்னத் துளைதான். வால்வில் கைப்பிடி இருந்தால் மாதம் ஒரு முறை தூக்கி விடுங்கள். சுண்ணாம்பில் இறுகிப் போகாது. கீஸர் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். நாள் முழுக்க விடாமல் ஒழுகினால் மட்டும் மாற்றினால் போதும்.

குழந்தை குளிக்கும் வாளி

கீஸரைப் பற்றி எழுதினால் இதை எழுதாமல் முடியாது. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அத்தனை நேரம்கூட வேண்டாம். ரொம்பக் குறைத்து 40 டிகிரியில் வைத்துவிடலாமே என்றால், வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் கிருமிகள் பெருகும். தொட்டியில் 55, 60 டிகிரி இருக்கட்டும். விளாவுவதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். எந்த அவசரத்திலும் இந்த வரிசை மாறக் கூடாது. வெந்நீரை முதலில் பிடித்து வைத்துவிட்டு, 'சோப்பு எடுத்துட்டு வந்துடறேன்' என்று திரும்புகிற அரை நிமிஷத்தில்தான் தவழ்கிற குழந்தை வாளியைப் பிடித்து எழுந்து நிற்கும். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும், நம் உடம்புச் சூடுதான். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அடுப்படியில் பழகின நம் விரல் சூட்டுக்கு மரத்திருக்கும். முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடுகிற மாதிரியும் இல்லாமல் குளிர்கிற மாதிரியும் இல்லாமல் இருந்தால் சரி. குளிக்கும் நேரத்தில் கீஸர் ஸ்விட்ச் அணைந்தே இருக்கட்டும்.

தப்பித் தவறி மேலே கொட்டிவிட்டால், இங்க் ஊற்றுவது, பேஸ்ட் தடவுவது, இட்லி மாவு அப்புவது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஐஸும் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் புண்ணின் மேல் 20 நிமிஷம் ஓட விடுங்கள். அந்த இடத்துத் துணியையும் வளையலையும் மெதுவாகக் கழற்றுங்கள். ஒட்டிக் கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மற்ற உடம்பு குளிரில் நடுங்காமல் போர்த்தி, டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். குழந்தைக்கு என்றால் சின்னக் காயம்தானே என்று வீட்டில் வைத்துக் கொள்ள வேண்டாம்.

மின்சார கீஸர் இல்லாத வீடுகளுக்கும் இரண்டு வார்த்தை. சமையல் காஸில் ஓடும் கீஸர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. கதவையும் ஜன்னலையும் சாத்திக் கொண்டு குளிக்கும்போது காற்று போதாமல் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். உள்ளே குளிக்கப் போன பெண்கள் திரும்பி வராத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதைக் காற்றோட்டமான வெளி இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டு வர வேண்டும்.

வாளிக்குள் போடும் ராடு வைத்திருக்கிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். இரும்பு வாளியில் போடாதீர்கள்; குழந்தைகள் நடமாடும் கூடத்திலும் வேண்டாம். ராடை முதலில் தண்ணீருக்குள் குறி வரை முக்கி, அதன் பிறகு ஸ்விட்ச். தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் அந்த விரல் தண்ணீருக்குள் போகலாம்.